கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜிகினாக் கோட்டு

தன் உடம்பில் உயிர் இருக்கும்வரை அந்த ஜிகினாக் கோட்டு வீட்டு வாசலைத் தாண்டாது என்று பத்திரக்காரர் சபதம் போட்டு இருபத்தேழு வருஷம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பீரோ ஒழிக்கும் நாளில், அந்தச் சபதத்தைத் தெருவுக்கே கேட்கிற குரலில் புதுப்பிப்பார். அவர் மனைவி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள்.

கோட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஊதா நிறம். கழுத்திலிருந்து இடுப்புவரை ஜிகினா. இரண்டு தோளிலும் தலையணை வைத்துத் தைத்த மாதிரி மேடு. இளவட்டமாக இருந்தபோது அதை மாட்டிக்கொண்டு ‘நீலக் கதவு’ என்ற நடன விடுதிக்கு வாரம் தவறாமல் போய் வந்தவர் அவர். அப்போது இடுப்பு இருபத்தெட்டு அங்குலம். இப்போது அந்தக் கோட்டுக்குள் ஒரு கை நுழையும். மீதி ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். மடித்தால் ஜிகினா உடையும் என்பதால் பீரோவில் சரிபாதி இடத்தை அது பிடித்துக்கொண்டு தொங்கியது. மனைவியின் துணிமணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் கிடந்தன.

ஜிகினா சும்மா இருந்ததா? உதிர்ந்தது. சோப்பில் ஒட்டியது, சோற்றில் மின்னியது. ஒருநாள் அவருடைய வழுக்கையில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்க, அது தெரியாமல் அவர் ஒரு பாகப் பிரிவினையை நடத்தி முடித்தார். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரும் அன்றுதான் சேர்ந்து சிரித்தார்களாம்.

பத்திரம் எழுதுகிற அலுவலகத்தில் அவருக்கு ‘படிச்சுப்பார்’ என்று இன்னொரு பெயர் உண்டு. யார் பேனாவைத் தொட்டாலும் சீறுவார். “படிச்சுப் பாருங்க! படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டா நாளைக்கு நடுத்தெருவுலதான் நிக்கணும்!” கிழவர், குமரி, வக்கீல் என்று பாரபட்சமே கிடையாது. வீட்டுக்கு வந்துவிட்டால் கதையே வேறு. நாளெல்லாம் எழுத்தோடு மாரடித்தவனுக்கு வீட்டிலும் காகிதமா என்பார். மின்சாரக் கட்டணம், பள்ளிக்கூட விண்ணப்பம், மனைவி எதை நீட்டினாலும் சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே, கண்ணாடிகூடப் போடாமல், விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

அந்தச் சாய்வு நாற்காலி அவருடைய இன்னொரு உயிர். ஒரு கைப்பிடியில் கம்பி சுற்றியிருக்கும், உட்கார்ந்தால் முனகும். “உங்க அப்பா வீட்டுலேர்ந்து வந்ததுலயே உருப்படியானது இது ஒண்ணுதான்” என்று கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் மறுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர்க் கோப்பைக்கு அடியில் செய்தித்தாளின் ஒரு பக்கம் மட்டும் மடித்து வைத்திருந்தது. பத்திரக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏய், இதப் பாத்தியா?”

“என்னங்க அது?”

“கலைக்கூடத்துல கண்காட்சியாம். நடன விடுதி, தெரு ஃபேஷன், சுவர் ஓவியம் எல்லாத்தையும் கொண்டாடுறாங்களாம். அந்தக் காலத்து உடுப்பு வெச்சிருக்கிறவங்க குடுக்கலாமாம். குடுத்தவங்க மேடையில பேசலாமாம்!”

“அதையெல்லாம் யாருங்க இன்னும் வெச்சிருக்கப் போறாங்க?”

“யாரா? நான் வெச்சிருக்கேன்!”

அவள் பதறிப்போனாள். “ஐயையோ, வேண்டாங்க! அது போயிட்டா பீரோவே வெறிச்சுன்னு ஆயிடும். நான் விடவே மாட்டேன்.”

“நீயா? கந்தல்னு சொன்னவ நீதானே?”

“ஏதோ கோவத்துல சொன்னேன். அதுக்காக ஊரே பாக்கிற மாதிரி கண்ணாடிப் பெட்டியில வெக்கணுமா? நாலு பேர் வந்து உங்களப் புகழ்ந்தா எனக்குக் கூச்சமா இருக்காதா?”

நாலு பேர் வந்து புகழ்வார்கள் என்ற பேச்சு காதில் விழுந்ததும் பத்திரக்காரர் இருபத்தேழு வருஷச் சபதத்தை அரை நிமிஷத்தில் மறந்தார்.

“நான் முடிவு பண்ணிட்டேன். குடுக்கத்தான் போறேன். நீ தலைகீழா நின்னாலும் என்னை மாத்த முடியாது.”

“உங்க பிடிவாதத்த யாரால மாத்த முடியும்?” என்று பெருமூச்சு விட்டாள் அவள். “சரி, விண்ணப்பத்த நானே எழுதித் தொலைக்கிறேன். உங்களுக்குத்தான் வீட்டுல காகிதத்தக் கண்டாலே ஆகாதே.”

சாயங்காலம் விண்ணப்பம் வந்தது. மூன்று பக்கம். மூன்று இடத்தில் விரல் காட்டினாள். அவர் மூன்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மேடையில் என்ன பேசுவது என்று கண்ணை மூடி யோசிக்க ஆரம்பித்தார்.

கண்காட்சியைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கூரையில் கண்ணாடி உருண்டை சுற்றிக்கொண்டிருந்தது. எங்கோ இடித்த தெருச்சுவர் ஒன்றை, அதில் பீய்ச்சிய வண்ண ஓவியத்தோடு பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தடித்த அடிப்பாகச் செருப்புகள், கிழித்துத் தைத்த கால்சட்டைகள், வியர்வை வழிய ஆடுகிறவர்களின் புகைப்படங்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், இடுப்பு சிறுத்த ஒரு பொம்மையின் மேல் அவருடைய ஊதாக் கோட்டு. பெட்டிக்கு முன்னால் ஏழெட்டு இளசுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

“இது என்னோடது” என்றார். யாரும் கேட்காமலே ஏழு தடவை சொன்னார். பொம்மையையும் அவர் தொப்பையையும் மாறி மாறிப் பார்த்தவர்களை மட்டும் அவர் கவனிக்காத மாதிரி நகர்ந்துவிட்டார்.

பேச்சுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். நாற்பது நிமிஷம் பேசினார்.

“வாசல்ல நிக்கிற தடியன் முதல்ல உடுப்பத்தான் பார்ப்பான். சாதாச் சட்டை போட்டா உள்ள விடமாட்டான். நாடகத்துக்குத் தைக்கிற தையல்காரர்கிட்ட கெஞ்சி இத வாங்கினேன். அந்தக் கதவத் தாண்டினா குமாஸ்தாவும் இல்ல, முதலாளியும் இல்ல. ஆடத் தெரிஞ்சவன், தெரியாதவன், ரெண்டே சாதி.”

“நீங்க எதுல சேர்த்தி, சார்?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

‘தெரிஞ்சவன்’ என்று சொல்ல வாய் திறந்தவர், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். கல்யாண வரவேற்பில் ஆடுகிறேன் என்று அவள் காலை மிதித்து, அவள் ஒரு வாரம் நொண்டியது ஞாபகம் வந்தது.

“தெரியாதவன்தான்” என்றார். “ஆனா இதப் போட்டுக்கிட்டு ஓரமா நின்னா, ஆடத் தெரிஞ்சவன் மாதிரியே இருந்துச்சு. அது போதும்னு இருந்துச்சு.”

கைதட்டல் அடங்கவே இல்லை. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் மனைவிதான். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. பாவம், இவளைப் போய் இத்தனை வருஷம் தப்பாக நினைத்துவிட்டோமே என்று பத்திரக்காரர் நிஜமாகவே வருந்தினார்.

ஒரு மாதம் கழித்துக் கண்காட்சி முடிந்தது. கோட்டு உறையைத் தோளில் போட்டுக்கொண்டு கலைக்கூடத்துக்குப் போனார். பொறுப்பாளராக இருந்த பச்சைமுடிப் பெண் எழுந்து வணங்கினாள்.

“வாங்க சார். உறைகூடக் கொண்டு வந்துட்டீங்களா? உங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!”

“உறைய உங்களுக்குக் குடுக்க வரலம்மா. கோட்ட எடுத்துட்டுப் போக வந்தேன்.”

அந்தப் பெண் முகம் வாடிப்போய் ஒரு கோப்பைத் திறந்தாள். “சார், நீங்க அத நிரந்தரமா குடுத்துட்டீங்களே!”

பத்திரக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல்முறையாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில், மனைவியின் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது:

‘இதில் கண்ட சொத்தின் மீது எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி எக்காலத்திலும் எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை. பிறர் தூண்டுதல் ஏதுமின்றி, முழு மனதுடன், படித்துப் பார்த்து உணர்ந்து கையெழுத்திட்டேன்.’

அவருடைய வாசகம். காற்புள்ளி மாறாமல் அவருடைய வாசகம்! தினமும் சவரம் செய்யும்போது அவர் உரக்கச் சொல்லிப் பார்ப்பது. எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று மூன்று தடவை தேடினார். இல்லை. இருக்காது. ஓட்டையில்லாமல் எழுதுவதில் அந்த வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவர் நேராகப் பீரோவைத் திறந்தார். கட்டிலுக்கடியில் கிடந்ததெல்லாம் அங்கே வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏமாத்திட்டியே!” என்று கத்தினார். “நம்ப வெச்சு ஏமாத்திட்டியே! வேண்டாம் வேண்டாம்னு சொன்னியே!”

“ஆமா, வேண்டாம்னுதான் சொன்னேன். நீங்கதானே கேக்கல?”

“பிறர் தூண்டுதல் ஏதுமின்றின்னு வேற எழுதியிருக்கே!”

“நான் எங்கங்க தூண்டினேன்? தடுக்கத்தானே செஞ்சேன்?”

பத்திரக்காரர் வெறும் உறையைக் கீழே போட்டார். சாய்வு நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். அது முனகியது, அவரும் முனகினார். இனி ஒரு காகிதத்தில்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று புதிதாக ஒரு சபதம் எடுத்தார்.

சபதத்துக்குச் சோதனை மறுவாரமே வந்தது. மனைவி ஒரு தாளை நீட்டினாள்.

“கலைக்கூடத்துலேர்ந்துதாங்க. அடுத்த கண்காட்சி பழைய நாற்காலிங்களாம்.”

பத்திரக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பற்றிக்கொண்டு வெற்றிச் சிரிப்பு சிரித்தார்.

“நிரந்தரக் கொடை! இந்தத் தடவை படிச்சுட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன். என்ன பண்ணுவே?”

“போட வேண்டாங்க” என்றாள் அவள், தாளை வாங்கி மடித்தபடி. “எங்க அப்பா எனக்குக் குடுத்த நாற்காலிக்கு உங்க கையெழுத்து எதுக்கு? ஒரு மரியாதைக்குத்தான் காட்டினேன். எழுந்திருங்க, வண்டி வாசல்ல நிக்குது.”