ஒரு நூல் இடப்பக்கம்

காவாந்தண்டலம்,
திங்கட்கிழமை காலை.

ஊரப்பாக்கத்தில் நாலாவது மாடியில் வாழும் என் உடன்பிறந்த தம்பி தாமோதரனுக்கு, அக்கா தாயாரம்மாள் ஆசி சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே ஏரி நிரம்பி நலம், நாற்று நலம், உன் மாமாவின் ரத்த அழுத்தமும் நலம். என்னுடையது மட்டும் நலமில்லை, அதற்கான காரணம் கீழே வருகிறது. உன் மனைவி சுதாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். அந்த வேண்டுதலில் உன்னைச் சேர்க்கவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் போனில் காரைப் பற்றி ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் உனக்கு டவர் போய்விடுகிறது. அதே டவர், உன் மாமா காரைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறது. அப்படிப்பட்ட டவரை நம்பி நான் பேசுவதாக இல்லை.

"ரெண்டே மாசம்க்கா, இங்க பார்க்கிங் கெடைச்சதும் எடுத்துக்கினு பூட்றேன்" என்று நீ கொண்டுவந்து நிறுத்திய பழைய அம்பாசடர், மூன்றாவது மழைக்காலமாக என் மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. பாலும் கறப்பதில்லை, சாணியும் போடுவதில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சத்துணவுக் கூடத்தில் ஆக்கிப்போட்டு ஓய்வு பெற்றவள் நான். எனக்கென்று நான் கேட்டது ஒரே ஒரு மாடு. பெருநகர் செங்கேணியிடம் ஒரு சிவலை இருக்கிறது, சினை மாடு, தையில் கன்று போடும். சாதுவான மாடு, நான் கழுத்தைத் தடவினால் கண்ணை மூடிக்கொள்கிறது. கட்ட இடம் இருந்தால் ஓட்டிக்கொண்டு போ, இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் பேசிவிடுவேன் என்று செங்கேணி சொல்லிவிட்டான். எனக்கு வயிறு எரிகிறது தம்பி. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வந்து உன் காரை ஏற்றிக்கொண்டு போ. வராவிட்டால் மறுநாள் உத்திரமேரூர் காயலாங்கடை ஐசக் வந்து எடுத்துப் போவான், அவனிடம் பேசியாகிவிட்டது.

கார் சும்மா கிடந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அது சும்மா கிடக்க நீ விட்டாயா? ஏரிக்கரை ஏற்றத்தில் ஏறும்போது இன்ஜினில் பித்தளைத் தட்டில் பட்டாணி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது என்று இவர் உன்னிடம் சொல்லப்போக, நீ அங்கே சோபாவில் சாய்ந்துகொண்டு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தாய். டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு கிண்ணமாம். பெட்ரோலுக்கு எந்த நொடியில் நெருப்பு வைப்பது என்று அதுதான் முடிவு செய்யுமாம். உள்ளே இரண்டு இரும்புத் துண்டு, வண்டி வேகம் ஏற ஏற அது விரியும், விரிய விரிய நெருப்பு முந்தி வரும், அதற்குப் பெயர் அட்வான்ஸ், ரொம்பவும் விரியாமல் இழுத்துப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் தளர்ந்துபோய் நெருப்பு அவசரப்படுகிறது, அதுதான் தட்டுகிறதாம். எனக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்று வியக்காதே. மூன்று மாதமாக இந்த வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வேறு பேச்சே கிடையாது. ரசம் கேட்கவேண்டியவர் ரோட்டர் கேட்கிறார்.

ஸ்பிரிங் மாற்று என்றாய். எங்கே கிடைக்கும் என்று சொன்னாயா? இவர் உத்திரமேரூர் முழுக்கக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து, நான் தூங்கும் நேரம் பார்த்து என் தையல் மெஷினில் இருந்த ஸ்பிரிங்கைப் பிடுங்கி அதில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து மெஷினும் தைக்கவில்லை, காரும் இழுக்கவில்லை. அந்த ஸ்பிரிங் முரட்டுப் பிடியாகப் பிடித்ததில் இரும்புத் துண்டு விரியவே மாட்டேன் என்றுவிட்டது. ஏரிக்கரையில் எங்களை முந்திக்கொண்டு ஒரு வாத்துக் கூட்டம் போனது. மேய்த்துக்கொண்டு வந்தவன், "இன்னா சார், தள்ளணுமா?" என்று கேட்டான். அதற்கும் இவர் சும்மா இருந்தாரா? கிண்ணத்தையே கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்தால் நெருப்பு முந்தும் என்று திருப்பிவிட்டார். பிறகு நீ பெரிய மனது வைத்துச் சரியான ஸ்பிரிங்கைக் கொரியரில் அனுப்பினாய், மாட்டினார், மறுபடியும் பட்டாணி கொட்டியது. கிண்ணத்தைத்தான் ஏற்கெனவே வலப்பக்கம் திருப்பித் தொலைத்திருக்கிறாரே. "அவ்ளோதான் மாமா, இடப்பக்கம் ஒரு நூல் திருப்பிடுங்க" என்றாய் நீ. ஒரு நூல் என்றால் கால் அங்குலத்தில் பாதி. அந்தப் பாதிக்காக இந்த வீட்டில் நடந்த கூத்தைக் கேள்.

உன் மாமாவை அம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா ஆக்கியிருக்கிறார்கள் அல்லவா, அன்றிலிருந்து இவருக்கு எல்லாமே வலமாகத்தான் சுற்ற வேண்டும். சாம்பாரை நான் இடமாகக் கிண்டினால் கரண்டியைப் பிடித்து நிறுத்துகிறார். காரிடம் மட்டும் விடுவாரா? "ஏன்டி, வண்டிக்கு நெஞ்சு மாதிரி கீது இது. இத்தப் போயி அப்பிரதட்சணமா திருப்பச் சொல்றான் உன் தம்பி. வெளங்குமா?" என்றார்.

"போல்ட்ட கழட்டும்போது இடமாத்தானே சுத்திக்கினு இருந்த?" என்று கேட்டேன்.

"அது கழட்டுறது. கழட்டுறதுக்கு சாமி ஒண்ணும் சொல்லாது."

தர்மகர்த்தாவே சொன்ன பிறகு சாமிக்கு என்ன பேச்சு. இடமாக ஒரு நூல் போவதற்குப் பதில், வலமாகவே ஊரைச் சுற்றி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார் உன் மாமா. குறுக்கே தடுத்ததையெல்லாம் கழட்டி ஓரம் வைத்துவிட்டு, வாய்க்குள் ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டு கிண்ணத்தைத் திருப்பினார் திருப்பினார் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒயரெல்லாம் அதன் கழுத்தில் சுற்றிக்கொண்டது. முழுச் சுற்றும் முடித்து, நிற்கவேண்டிய இடத்தை ஒரு நூல் தாண்டி, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றார். அதற்குப் பிறகாவது இடப்பக்கம் தொட்டாரா? இன்னொரு பிரதட்சணம் வருவதாகச் சொன்னார். நான் விளக்கமாற்றைத் தேடியதால் அது நடக்கவில்லை.

சுற்றிக்கொண்ட ஒயரைப் பிரித்து மாட்டியதில் இரண்டு இடம் மாறிவிட்டது. அப்படியும் அந்தச் சனியன் கிளம்பியது, கிளம்பியதால் உத்திரமேரூர் போனோம். பஸ் ஸ்டாண்டு வாசலில் சைலன்சர் வெடித்தது பார், ஒன்றல்ல, சரவெடி. அன்றைக்கென்று ஏதோ ஒரு கட்சித் தலைவர் வருகிறார் என்று கொடியோடு ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. அம்பாசடர் வருகிறது, வெடி வெடிக்கிறது, வேறு என்ன நினைப்பார்கள். "தலைவர் வந்துட்டாருப்பா" என்று ஓடிவந்து கதவைத் திறந்து உன் மாமாவுக்குச் சால்வை போட்டுவிட்டார்கள். இவர் மறுக்க வேண்டாமா? கும்பிட்டார். ஒரு ஆள் தன் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனுக் கொடுத்தான், அதையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் உன் அக்கா. எதிரில் இருந்த மெக்கானிக் ஒயரை நேராக்கிக் கொடுத்ததால் வீடு வந்து சேர்ந்தோம், பட்டாணி கொட்டிக்கொண்டே. அந்தச் சால்வையால்தான் இப்போது ஆயில் குச்சி துடைக்கிறார்.

போதும் தம்பி. நீ கெட்டவன் இல்லை. உனக்கு வேண்டாத பொருளை அடுத்தவர் வீட்டில் போட்டுவிட்டு அதன்மேல் பாசமாக இருப்பவன், அவ்வளவுதான். உன் மாமாவும் கெட்டவர் இல்லை, ஆனால் அவரைப் பற்றி எழுத இந்தத் தாள் போதாது. எனக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு இடம் வேண்டும், கார் போக வேண்டும். ஞாயிறு, லாரி, மறக்காதே. சுதாவுக்கு வடாம் கொடுத்து அனுப்புகிறேன், பிள்ளைகளை மழையில் விடவேண்டாம் என்று சொல். நீ உட்பட எல்லோரும் நோய் நொடியில்லாமல் நீடு வாழ அம்மன் துணை நிற்கட்டும். கடைசியில் உன்னையும் சேர்த்துவிட்டேன், பெற்றவள் இருந்தால் திட்டுவாள் என்று.

இப்படிக்கு,
உன் அக்கா
தாயாரம்மாள்

பி.கு.: இதே திங்கள் மாலை எழுதுகிறேன். கடிதத்தை உறையில் போட்டு, பெருநகர் போய்ச் செங்கேணியிடம் இடம் காலியாகப்போகிறது என்று சொல்லிவரலாம் என்று கிளம்பினேன். பஸ் போய்விட்டது. வேறு வழியில்லாமல் இவரோடு காரில் போனேன். ஏரிக்கரை ஏற்றத்தில் வழக்கம்போல் பட்டாணி கொட்டியது. இவர் இறங்கி இன்ஜின் மூடியைத் திறந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார், உதடு அசைந்தது, சுலோகம் ஆரம்பம் என்று தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தள்ளு அப்பால" என்று ஸ்பேனரைப் பிடுங்கிப் பிடி போல்ட்டைத் தளர்த்தி, சூடு படாமல் முந்தானையைச் சுற்றிக் கிண்ணத்தைப் பிடித்து, இடப்பக்கம் ஒரு நூல் திருப்பி, மறுபடி முடுக்கினேன்.

"சாமி குத்தம்டி" என்றார்.

"சாமி வந்து கேட்டா எம் பேர சொல்லு" என்றேன்.

ஏறி உட்கார்ந்தோம். ஏற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. இறங்கி, திரும்பி, சுமையோடு பார்க்கலாம் என்று எதிரே வந்த நாலு நடவுப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு மறுபடி ஏறினோம், அப்போதும் இல்லை. உன் மாமா ரோட்டை விட்டு என் கையைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போய், "இன்னா கைடி உனுக்கு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் என்னை ஒன்றுக்கும் மெச்சியதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

ஆகவே நீ லாரி கொண்டுவர வேண்டாம். ஐசக்குக்கும் போன் போட்டு வராதே என்று சொல்லிவிட்டேன். கொண்டுவருவதானால் அதில் தகர ஷீட்டும் சவுக்குக் கழியும் ஏற்றிவந்து, கிணற்றோரம் ஒரு கொட்டகை போட்டுக் கொடு. பெருநகர் போய்ப் பேசியாகிவிட்டது, செங்கேணி அடுத்த புதன்கிழமை மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறான். கொட்டகை எழும்பாவிட்டால் நீ வந்தால் படுக்கும் அறையில்தான் அதைக் கட்டுவேன். கார் இருக்கிற இடத்தைவிட்டு நகராது.