சமையலறைச் சராசரி

ஒரு தாலாட்டு ஊர் மாறினால் உருமாறும். பந்தை உருட்டிப் பத்து முளைகளைச் சாய்க்கும் பவுலிங் ஆட்டத்தில் ஓர் ஆண்மகனின் சராசரியோ அறை மாறினாலே உருமாறிவிடும். மலேசியாவில் ராசா என்ற ஊர் முதல் புக்கிட் பெலிம்பிங் வரை தோட்டப் பாடல்களின் பாடபேதங்களைத் திரட்டியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் கோல சிலாங்கூர் பவுலிங் சங்கப் போட்டியில் சராசரி நூற்றைம்பதைத் தொட்டவர்களுக்கு முதல் பிரிவு. மற்றவர்களுக்கு இரண்டாம் பிரிவு. முதல் பிரிவில் இளம்புலிகள். இரண்டாம் பிரிவில் ஒரு வெள்ளிக் கோப்பை, அதன்மேல் என் கண். என் சராசரி நூற்று நாற்பத்திரண்டு.

ஆனால், பவுலிங் கூடம் கைமாறியபோது பழைய கணினிப் பதிவுகள் அழிந்துபோயின. எஞ்சியது வாய்மொழி ஒன்றே. தே தாரிக் தேநீர் மேசையில் நூற்றெழுபது என்று முழங்கியவர்கள், கோப்பைக்காகப் பெயர் கொடுக்கும்போது நூற்றுமுப்பதாக மெலிந்தார்கள். சங்கத் தலைவரும் உணவகக்காரருமான ஜியாவுதீன் என்னிடம் வந்தார்.

"அண்ணே, பத்து வாய் பத்து விதமா சொன்னா எது நெசம்னு பாக்கறது உங்க வேலைதானே. பாத்து செய்ங்க லா."

நெடிது சிந்தித்தேன். ஆதாயம் இல்லாத இடத்தில் பேசப்பட்ட பாடமே தூய பாடம். அப்படிப்பட்ட இடம் சமையலறை. அங்கே கோப்பையும் இல்லை, போட்டியும் இல்லை. ஆகவே விதி வகுத்தேன்: ஆட்டக்காரர் வீட்டில் என்ன சராசரி சொன்னார் என்று அவருடைய வாழ்க்கைத்துணை சாட்சி சொல்ல வேண்டும்; அந்த எண்ணே இறுதியானது. குழு கைதட்டியது. என் மனைவி ரோசரி மட்டும், இது எல்லாருக்குமா என்று கேட்டாள். எல்லாருக்கும்தான் என்றேன், பெருமிதத்துடன்.

விசாரணை ஜியாவுதீன் கடையின் பின்னறையில் நடந்தது. அவர் எழுதிக் கொடுத்திருந்தது நூற்று முப்பத்தொன்பது. அவர் மனைவி அஜீஸா தயங்கவே இல்லை.

"நூத்தி எழுபதுன்னு சொல்லித்தானே அன்னைக்குக் கோழி வறுக்கச் சொன்னீங்க?"

ஜியாவுதீன் முதல் பிரிவுக்குப் போனார். என் முறைமையின் வெற்றியில் நான் மிதந்தேன்.

அடுத்தது ரோசரி. அவளும் ஆடுகிறவள்தான். தன் சராசரி நூற்று அறுபத்தொன்று என்று எழுதியிருந்தாள். பெண்ணுக்கும் இந்த ஆசை வரும்போலும் என்று புன்னகைத்தேன். வீட்டில் அவள் நூற்றுமுப்பதைத் தாண்டிச் சொன்னதே இல்லை. விதிப்படி என் கையாலேயே திருத்தி அவளை இரண்டாம் பிரிவில் வைத்தேன். நீங்க சொன்னா சரிங்க என்றாள்.

பிறகு என் பெயர். ஜியாவுதீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணன் நூத்தி நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்காரு. வீட்டுல என்ன சொல்வாருக்கா?"

ரோசரி சற்று யோசித்தாள். "நூத்தி அறுபத்தஞ்சு. போன வாரம் எழுபத்திரெண்டுன்னாரு. அன்னைக்குத்தான் நண்டு கேட்டாரு."

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. முதல் பிரிவுக்குப் போகலாம். அல்லது மனைவியிடம் மாதக்கணக்காக அளந்தேன் என்று சபையில் சொல்லலாம். ரோசரி சொன்ன எண்ணே தூய பாடம் என்று ஒப்புக்கொண்டு முதல் பிரிவுக்குப் போனேன். ஜியாவுதீன் எனக்குத் தேநீர் வரவழைத்தார். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி.

திரும்பும் வழியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காரை ஓட்டிக்கொண்டே, என் உண்மைச் சராசரி அவளுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியுமே. ரெண்டு லேன் தள்ளித்தானே ஆடறேன். தலைக்கு மேல ஸ்கோர் பலகையில தெரியுது."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"நெசம் என்னான்னு யாருங்க கேட்டா? வீட்டுல என்ன சொன்னாருன்னுதானே கேட்டாங்க."

"சரி, உன்னோடத மட்டும் வீட்டுல ஏன் கொறச்சுச் சொன்ன?"

"உங்க நூத்தி நாப்பத்திரெண்டுக்குக் கீழ இருக்கட்டும்னுதான். இல்லன்னா உங்களுக்குச் சோறு இறங்குமா?"

ஆணின் எண் சமையலறையில் ஏறும் என்பதைக் கண்டுபிடித்தவன், பெண்ணின் எண் அங்கே இறங்கும் என்பதைக் குறிக்கத் தவறியிருந்தேன். அவள் என் பலகையைப் பார்த்திருக்கிறாள். நான் அவள் பலகையை ஒருமுறைகூட ஏறிட்டதில்லை.

முதல் பிரிவில் எனக்குக் கடைசி இடம். இரண்டாம் பிரிவில் ரோசரியை நெருங்க ஆளே இல்லை. அடுத்த ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து வந்த விருந்தினர்கள் கோப்பையைக் கையில் எடுத்து அவளைப் பாராட்டினார்கள். அவள் அடக்கமாகத் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அவரு முதல் பிரிவுல ஆடறவருங்க. நான் வெறும் ரெண்டாம் பிரிவுதான்."