அரை டம்ளர் மழை

“…பின்ன என்ன செய்யச் சொல்றீக அண்ணாச்சி? மூணு ஞாயித்துக்கெழமையா வேதக்கோயில்ல மழைக்கு ஜெபம் பண்ணியாச்சு, பதிலக் காணோம். தெனமும் காலையில உங்க தொங்கிப்போன மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால இட்லி ஊத்த முடியல. அதான் குடத்துல இருந்து அரை டம்ளர் சரிச்சு விட்டேன். ஆமா, நான்தான்!”

பாளையம்பட்டியில் எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் ரோஸ்லின் அக்கா, மாவுக் கரண்டியை நீட்டிக்கொண்டு இப்படிச் சொன்னபோது, எதிரில் நின்ற வெல்டிங் அண்ணாச்சி கையிலிருந்த மழை அளக்கிற குழாயை மறுபடியும் மோந்து பார்த்தார்.

மழை பெய்தால் கூப்பாடு போட்டுச் சொல்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. மழை பெய்யவில்லை என்பதை ஒருநாள் தவறாமல் சொல்ல ஓர் ஆளை வைத்திருக்கிற தெரு, இந்தப் பூமியில் எங்கள் தெரு ஒன்றுதான். அந்த ஆள்தான் வெல்டிங் அண்ணாச்சி. அவருக்கென்று ஒரு பெயரும் இருக்கும், ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியும். எங்களுக்கு அவர் கிரில் கேட்டும் ஜன்னல் கம்பியும் அடித்துக் கொடுக்கிற வெல்டிங் அண்ணாச்சி, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஆரம்பித்தது அவருடைய தம்பி தன் மானாவாரிக் காட்டில் விதைத்த கொத்தமல்லி முளையிலேயே கருகிய வருஷத்தில். அதே வாரம் செய்தியில், ‘இந்தப் பக்கமெல்லாம் நல்ல மழை’ என்றார்கள். அளக்கிற கருவி இருந்தது எங்கேயோ. பெய்ததும் அங்கேதான். பெயர் மட்டும் எங்களுக்கு.

“பக்கத்து வீட்டுக்காரன் பிரியாணி திங்கான், ஏப்பத்த நம்ம பேருல எழுதுறாகப்பா!” என்று அண்ணாச்சி குதித்தார்.

அப்போதுதான் மதுரையில் ஒரு காலேஜ் டீச்சரம்மா நடத்துகிற போன் குரூப்பில் போய்ச் சேர்ந்தார். சாதாரண ஜனங்களே பார்த்து, எண்ணி, அளந்து விஞ்ஞானிகளுக்கு அனுப்பலாமாம். அதில் ஒருவர் மொட்டைமாடியில் உட்கார்ந்து குருவி எண்ணுகிறார். நரிக்குடிப் பக்கத்துப் பொண்ணு ஒன்று கண்மாய்க்கு வருகிற நாரையையெல்லாம் போட்டோ எடுத்துப் போடுகிறது. இன்னொருவர் வேப்பமரம் என்றைக்குப் பூக்கிறது என்று பார்த்துச் சொல்கிறார். படிப்பு வேண்டாம், பொறுமை இருந்தால் போதும் என்றாராம் டீச்சரம்மா. நம்மாள், இத்தனையையும் விட்டுவிட்டு, இந்த ஊரில் இருந்துகொண்டு மழையை எடுத்தார். குருவியை எடுத்திருந்தால் நாலாவது தேறியிருக்கும்.

மழைமானி என்று ஒரு கோடு போட்ட பிளாஸ்டிக் குழாயை அனுப்பி வைத்தார்கள். மரமும் சுவரும் இல்லாத வெட்டவெளியில் வைக்க வேண்டுமாம். தம்பி காட்டில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் போகிற பாதை ஓரத்தில் நட்டார். முதல் நாளே ஆடு அதை முட்டித் தள்ளியது. அண்ணாச்சி கடைக்கு வந்து, வந்த வேலையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, சுற்றிலும் ஈட்டி முனை வைத்து ஓர் இரும்புக் கூண்டு அடித்தார். மேலே மட்டும் திறந்திருக்கும். பார்த்தவர்கள், “மழைக்கு ஜெயில் கட்டியாச்சா?” என்றார்கள். குமாரலிங்கபுரம் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வருகிறது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். இதையும் பார்த்துவிட்டு டவுனிலிருந்து புரோக்கர் ஒருவர் காரில் வந்திறங்கி, “சர்வே முடிஞ்சிருச்சா அண்ணாச்சி? சென்ட்டு என்ன போகும்?” என்று கேட்டுப் போனார்.

தினமும் காலை எட்டரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்பதுக்குள் அனுப்ப வேண்டும். ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் பூஜ்யம் என்று அனுப்பியே ஆகவேண்டும். அனுப்பாமல் விட்டுவிட்டால் அங்கே பெய்ததா, காய்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. அடிக்கடி விட்டால் மேப்பில் நம் ஊர்ப் புள்ளியையே எடுத்துவிடுவார்கள். அந்தப் புள்ளி போனால் மறுபடியும் அடுத்த ஊர் மழைதான் நம் மழை. அந்த ஒரு புள்ளிக்காகத்தான் மனுசர் சித்திரை வெயிலிலும் சைக்கிளை மிதித்தார். போகும்போது கொஞ்சம் தெம்பாகத்தான் போவார். வரும்போது டயரில் காற்று இறங்கின மாதிரி வருவார்.

எங்களுக்கும் அலுத்துத்தான் போயிற்று. அவர் முன்னால் யாரும் சும்மா பேச முடியாது. “நேத்து நல்ல மழை” என்றால், “எத்தனை மில்லிமீட்டரு?” என்பார். ஒரு துட்டி வீட்டில் பொடித் தூறல் விழுந்தது. மைக்கைப் பிடித்த ஒருவர், “ஐயா பிரிவைத் தாங்காமல் வானமே கண்ணீர் விட்டு அழுகிறது” என்றார். அண்ணாச்சி பின்னாலிருந்து, “ஒரு மில்லிமீட்டருகூட அழுகலய்யா” என்றார். செத்தவரின் மகனே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். கையில் அந்தக் குழாய்.

“பன்னெண்டு மில்லி நிக்கி! காடு பொட்டுக்கூட நனையல! மோந்து பாருங்கவே, பிளீச்சிங் பவுடர் வாடை! எந்த மேகம்வே பவுடர் போட்டுப் பெய்யுது?”

அதற்குத்தான் ரோஸ்லின் அக்கா அந்தப் பதிலைச் சொன்னார். ஐந்து நாளைக்கு ஒருதரம் வருகிற குடிதண்ணீர். அதில் அரை டம்ளர். எங்கள் ஊரில் சொந்தக்காரனுக்கே யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

அண்ணாச்சி கோபம் வடிந்து, தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அதான் காடு காஞ்சு கெடக்குல்ல அண்ணாச்சி. பூஜ்யம்னு போட்டு விட்ருங்க” என்றேன் நான்.

“குழாயில பாக்காததப் பாத்தேன்னு போடவா? அப்படிப் போட்டா, செய்தியில சொன்னவுகளுக்கும் எனக்கும் என்ன தம்பி வித்தியாசம்?”

குழாயைக் கொட்டி, கொண்டுபோய்க் கூண்டில் வைத்துவிட்டு, ‘இன்று அளவு இல்லை’ என்று அனுப்பினார். ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் முதல் ஓட்டை.

மறுநாள் எட்டரைக்கு அவர் கடை வாசலில் ஒரு பழைய கேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. “போகலையா?” என்று கேட்டேன்.

“போகல. இத்தன நாளும் கேலி பண்ணுனீக, பொறுத்துக்கிட்டேன். இப்ப பாவம் பாக்குறீகன்னு தெரிஞ்சுபோச்சு. அது முடியலப்பா. புள்ளிய எடுத்தா எடுத்துக்கிடட்டும்.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் இட்லிக்கடை வரைக்கும் கேட்டுவிட்டது. எட்டரை என்பது ரோஸ்லின் அக்காவுக்கு யாவாரம் கொதிக்கிற நேரம். டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் முழுக்கத் தட்டோடு அங்கேதான் நிற்கும். அக்கா அடுப்பை அணைத்தார். மாவுச் சட்டியை மூடினார்.

“யக்கா, எனக்கு ரெண்டு இட்லி வரணும்!”

“வரும், நில்லு.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்தார். தட்டு ஏந்திய கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு வாங்க வந்து அண்ணாச்சி முன்னால் நின்றார்.

“ஒரு சொட்டு இல்ல அண்ணாச்சி. குனிஞ்சு பாத்தேன், கவுத்தும் பாத்தேன். எறும்பு ஒண்ணு கெடந்துச்சு, அத வெளிய தட்டிட்டேன்.”

“நான்தான் விட்டாச்சுன்னு சொல்லிட்டேன்லம்மா.”

“நீங்க விட்டா விடுங்க. போனக் குடுங்க இங்க.”

அவர் கொடுக்கவில்லை. அக்காவே அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கண்ணுக்கு நேராகப் பிடித்து, அப்புறம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லங்கிறதுக்கு இதுல எங்க அமுக்கணும்?”

அண்ணாச்சி பழைய கேட்டை விட்டு எழுந்தார். பிறகு விரலை நீட்டி இடத்தைக் காட்டினார். அக்கா அமுக்கினார். வேர்த்த விரல், போன் வாங்கிக்கொள்ளவில்லை. விரலைச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடியும் அமுக்கினார்.