எண் இல்லாத இரண்டாவது நாய்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் மகளும் எங்களைவிட நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் "சரி மாமா, பாக்குறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

எங்கள் நாய்க் காப்பகத்துக்கு நீங்கள் இலவசமாக எழுதிக் கொடுத்த மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் சொல்கிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து முன்மேசை என் பொறுப்பு. நாயின் தோலுக்கடியில் உள்ள சிப்பின் எண்ணை அடிக்க வேண்டும். ஒரே எண் இரண்டு முறை வந்தால் ஏற்காது. நியாயம்தான். இன்று காலை தபால்காரர் ஒரு கறுப்பு நாயைக் கொண்டு வந்தார். சிப் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன், ஏற்றுக்கொண்டது. நாயைக் குளிப்பாட்டிப் பின்கட்டுக் கூண்டில் விட்டோம். மதியம் பால் வண்டிக்காரர் இன்னொரு கறுப்பு நாயோடு வந்தார். அதற்கும் சிப் இல்லை. அதே மாதிரி மடிந்த இடது காது, அண்ணன் தம்பி போலிருக்கிறது. உடம்பில் சோப்பு வாசனைகூட வந்தது. நல்ல குடும்பத்து நாய். காலியாக விட்டால், "இந்த நாய் ஏற்கெனவே உள்ளது" என்கிறது உங்கள் மென்பொருள்! பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். அந்த எண்ணில் ஏற்கெனவே யாரோ ஒரு பூனையை உட்கார வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்குப் போன் போட்டேன். "மாமா, அந்தக் கட்டத்துக்கு யுனிக் இன்டெக்ஸ், அதாவது ஒண்ணு ரெண்டு தடவை வராம பாத்துக்கற பூட்டு, போட்டிருக்கேன். சில டேட்டாபேஸ் காலிக் கட்டம் எத்தனை வந்தாலும் விடும். நம்மது எல்லாக் காலியும் ஒண்ணுன்னு நினைச்சு, ஒண்ணே ஒண்ணைத்தான் விடும். எண் இருக்கறதை மட்டும் ஒப்பிடச் சொல்லி மாத்திடலாம். ஞாயித்துக்கிழமை பாக்குறேன்" என்றீர்கள். ஞாயிறா? பெயர் தெரியாத இரண்டு பேர் வாசலில் நின்றால், இருவரும் ஒரே ஆள்தான் என்று ஒருவரைத் தள்ளிக் கதவைச் சாத்துவீர்களா? தெரியாது என்றால் தெரியாது, அவ்வளவுதானே!

பொறுப்பாளர் அம்மாவோ, "பதிவுல இல்லாத நாயை யாருக்கும் குடுக்க முடியாது சார். காலைல வண்டி வரும், வேற ஊருக்கு அனுப்பிடுவோம்" என்கிறார். விஷயம் உங்கள் அத்தையைப் பற்றியது. மகள் உங்களோடு வந்த பிறகு அவள் தெருவில் இறங்கி நடப்பதே இல்லை. நான் மறந்த கண்ணாடியைக் கொடுக்க வாடகைக் காரில் வந்தவள், மதியம் வந்த அந்த நாய் தன் செருப்பைக் கவ்விக்கொண்டு மேசைக்கடியில் புகுந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். அதுக்குள்ள துரைன்னு பேரும் வச்சாச்சு. "இவனை விட்டுட்டு வந்தா உங்களுக்கும் கதவைத் திறக்க மாட்டேன்"ங்கிறா. கொஞ்சம் மனசு வைங்க மாப்பிள்ளை, இன்னிக்கே மாத்திடுங்க.

மகளுக்கு என் ஆசி. உங்கள் வேலை மேலும் மேலும் சிறக்கட்டும், குறிப்பாக இன்று சாயங்காலத்துக்குள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: அனுப்பும் முன் பின்கட்டுக்குப் போனேன். கூண்டு காலி, தாழ்ப்பாள் கழன்று கிடக்கிறது. காலையில் வந்த நாயும் துரைதான். உங்கள் மென்பொருள் சொன்னது சரி. ஆனால் தெரிந்து சொல்லவில்லை, அதனால் அதனிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. காலைப் பதிவிலேயே கையெழுத்துப் போட்டுத் துரையை வாங்கிவிட்டேன். நீங்கள் ஞாயிறே மாற்றுங்கள், நிஜமாகவே இரண்டாவது நாய் வந்தாலும் வரும். வாடகைக் கார் வெளியே சும்மா நிற்கிறது. துரையைப் பிடித்துக்கொண்டு உங்கள் அத்தை வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள்.