ஒன்பது தேங்காயும் ஒரு கணக்கு மாப்பிள்ளையும்

தாழக்குடி,
கொல்லம் 1130 ஆவணி

குலசேகரத்தில் ரப்பர் கடை நடத்தும் மகாகனம் பொருந்திய அத்தான் தாணுலிங்கம் பிள்ளை அவர்களுக்கு, மைத்துனன் வள்ளிநாயகம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் மாடு கன்றுகள் க்ஷேமம். மனுஷர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். அக்காளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தாணுமாலயனைப் பிரார்த்திக்கிறேன். உங்களுக்காகப் பிரார்த்திக்க இன்றைக்கு மனசு வரவில்லை.

பின்னே என்ன அத்தான், "பையன் காலேஜில் கணக்கு வாத்தியார், தங்கமானவன், நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டான்" என்று சொல்லித்தானே என் மகள் தாணம்மாளுக்கு அந்தப் பூதலிங்கத்தைக் கொண்டுவந்தீர்கள்? நிச்சயத்தன்று காய்ச்சல் என்று வராமல் தப்பித்துக்கொண்டீர்கள், நடந்ததைக் கேளுங்கள். சபையில் ஒன்பது தேங்காய் வைக்கவேண்டும், அதில் இரண்டு வீட்டாருக்கும் சம்மதம். எந்தத் தட்டிலும் ஒற்றைப்படைதான் இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் என் வீட்டுக்காரி அழகியநாயகி மூன்று தாம்பாளத்தில் மும்மூன்றாக அடுக்கியிருந்தாள். மாப்பிள்ளையின் தாயார் உலகம்மை வந்ததும் வராததுமாக, "இதென்ன கூத்து! ரெண்டு தட்டுல தேங்கா எண்ணம் ஒண்ணுபோல வந்தா ரெண்டு பொண்டாட்டின்னு அர்த்தம். இங்க மூணு தட்டு! எம் மவனுக்கு மூணு பேரைக் கெட்டி வைக்கப் போறியளா?" என்று சத்தம் போட்டு, தன் கையாலேயே நாலு, மூன்று, இரண்டு என்று மாற்றிவிட்டாள். அழகியநாயகி விடுவாளா? "ரெட்டைப்படைத் தட்டை எம் மவ தொடமாட்டா" என்று பழையபடி அடுக்கினாள். நாஞ்சில் நாட்டைத் தமிழகத்தோட சேக்கணும்னு ஊரெல்லாம் கூட்டம் போடுது, இங்கே ஒன்பது தேங்காயைத் தட்டோட சேக்க முடியலை, ராகுகாலமோ நெருங்குது.

அப்போதுதான் மாப்பிள்ளை வாய் திறந்தார். பெற்ற தாயை அடக்கினாரா, வரப்போகும் மாமியாரைச் சமாதானப்படுத்தினாரா? வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு, என் சிமிண்டுத் தரையிலே கோடு கோடாகப் போட்டுவிட்டு, "தட்டு எத்தனை ஆனாலும் சரி, அத்தை சொல்லுத மாதிரின்னா எட்டு விதமா வைக்கலாம். அம்மை சொல்லுத மாதிரி வச்சாலும் எட்டு விதம்தான். எத்தனை தேங்காயா இருந்தாலும் ரெண்டும் சமமாத்தான் வரும்" என்கிறார், சிரிப்பு வேறே. "எங்க வழக்கமும் அவ வழக்கமும் சமமா?" என்று இரண்டு பொம்பளைகளும் அன்றைக்கு முதல்முறையாக ஒரே குரலில் கத்தினார்கள். அவர் காதில் ஏறினால்தானே! "ஒரே எண்ணம் உள்ள ரெண்டு தட்டை ஒண்ணாக் கொட்டினா அம்மை வழி, ரெட்டைப்படைத் தட்டைப் பாதியாப் பிரிச்சா அத்தை வழி, பாருங்க" என்று மூன்றையும் மூன்றையும் ஆறாக்கினார், ஆறை மறுபடி மும்மூன்றாக்கினார், நாலைப் பிரித்தார், இரண்டைப் பிரித்தார், வீட்டில் தாம்பாளம் தீர்ந்துபோய் அரிசி புடைக்கிற சுளகைக் கொண்டாங்க என்றார். ஒரு தேங்காய் உருண்டு புரோகிதர் பெருவிரலில் மோதியது. ராகுகாலம் வந்தது, அவர்கள் போனார்கள். ஊரே சிரிக்குது அத்தான். என் பிள்ளை பட்டுச்சேலையை மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கா.

இந்தச் சம்பந்தம் வேண்டாம். கொண்டுவந்த நீங்களே போய் முறித்துவிட்டு வாருங்கள். அதுவரை தாழக்குடிப் பக்கம் காலெடுத்து வைக்காதீர்கள்.

அக்காளுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்களுக்கு ஒன்றுமில்லை.

வள்ளிநாயகம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது தாணம்மாள் எழுந்துவந்து, அதே தேங்காய்களை அஞ்சு, மூணு, ஒண்ணு என்று மூன்று தட்டில் வைத்தாள். "எல்லாம் ஒத்தைப்படை. ஒண்ணு போல ஒண்ணு இல்லை. ரெண்டு அம்மைமாருக்கும் ஆச்சுல்லா? கெட்டினா அவரைத்தான் கெட்டுவேன்" என்கிறாள். ஆகையால் முறிக்கவேண்டாம், மேலே எழுதியதை வாசிக்கவும் வேண்டாம். மாப்பிள்ளையை உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள். கல்யாணத்துக்குப் பத்துத் தேங்காய் வைத்தால் என்ன வரும் என்று அழகியநாயகி அடுக்கிப் பார்த்தாளாம். உலகம்மை வழிக்குப் பத்து விதம் வருதாம், நம்ம வழிக்கு ஒன்பதுதான் வருதாம். "அவளுக்கு ஒண்ணு கூடவா? சமம்னு சொன்ன அந்தப் பிள்ளை வந்து மிச்சம் ஒண்ணைக் காட்டித் தராம பந்தக்கால் நட விடமாட்டேன்" என்று தேங்காய்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள்.