ஹார்லன் நடத்திய டிரெய்லர் பாடம்

இடது பின்விளக்கு எரியவில்லை. நாற்பது பேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை மிதி, மார்லிஸ்!" என்று கத்தினார் ஹார்லன்.

"மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன். இதுக்கு மேல மிதிச்சா பிரேக் கையோட வந்துடும்... காலோட," என்றாள் பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி.

மின்னசோட்டாவின் வடக்குக் கோடியில் அந்த ஏரியின் பனிக்கட்டி உருகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்த சனிக்கிழமை மீன்பிடிப் பருவம் தொடங்குகிறது. அதற்குள் அவரவர் படகு டிரெய்லரை எப்படிச் சோதித்துச் சரிபார்ப்பது என்று செய்துகாட்ட, ஏரிச் சங்கத்தார் ஹார்லன் ஸ்டென்ருடை அழைத்திருந்தார்கள். வேறு யாரை அழைப்பது? பதினோரு வருஷமாகப் படகுத் துறையில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவர் டிரெய்லரையெல்லாம் குனிந்து பார்த்து, "இதெல்லாம் ஒரு வண்டியா?" என்று கேட்டவர் அவர்தான்.

ஊரார் வண்டியைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டதால் தன் வண்டியைப் பார்க்க அவருக்கு ஒழியவில்லை. இது மார்லிஸுக்கு மட்டுமே தெரியும். இன்று காலையில்தான் கொட்டகையிலிருந்து டிரெய்லரை வெளியே இழுத்தார். தூசு போகத் தண்ணீர் அடித்தார். படகோடு நாலு மைல் ஓட்டிக்கொண்டு சங்கக் கட்டடத்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"பல்பு லேசா ஆடுது, அவ்வளவுதான்," என்று சொல்லி விளக்கை ஒரு தட்டுத் தட்டினார்.

சிவப்பு மூடி கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து ஓர் எலி எட்டிப் பார்த்தது. கூட்டத்தை நிதானமாக ஒரு முறை நோட்டம் விட்டு, குதித்து ஓடியது. அதன் பின்னாலேயே பஞ்சு, நூல், கடித்துத் துண்டாக்கிய ஒயர் எல்லாம் கொட்டின.

"வாடகைக்கு விட்டிருக்கியா ஹார்லன்?" என்றார் டுவெய்ன். படகுத் துறையில் ஹார்லனிடம் அதிகமாகப் பேச்சு வாங்கியவர் அவர்தான். இன்றைக்கு மடக்கு நாற்காலியும் காப்பி ஃபிளாஸ்குமாக முதல் வரிசையைப் பிடித்திருந்தார்.

ஹார்லன் காதில் வாங்காத மாதிரி சக்கரத்துப் பக்கம் போனார். "விளக்கை விடுங்க. உசிரு டயர்லதான் இருக்கு."

"அது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று கேட்டாள் நீலக் கம்பளித் தொப்பி போட்ட ஓர் இளம் பெண். ஊருக்குப் புதியவள் போலிருந்தது.

"நல்லா வச்சுக்கிட்டா எத்தனை வருஷம் வேணாலும் உழைக்கும்மா. இதைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு!"

ஓர் உதை விட்டார். டயர் பெருமூச்சு விட்டது. அது முழு மூச்சையும் விட்டு முடிக்கும்வரை நாற்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவசரமாக ஜாக்கியை வைத்துத் தூக்கினார். "நல்லதாப் போச்சு. சக்கரம் மேல இருக்கறப்பவே பேரிங்கையும் பார்த்துடலாம். சுத்தினா சத்தமே வரக்கூடாது. கேளுங்க."

சக்கரத்தைச் சுற்றினார். மிக்ஸியில் சரளைக்கல்லைப் போட்டது போல ஒரு சத்தம். கூடியிருந்த இரண்டு நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. நடுவிலிருந்த மூடி தெறித்தது. கிரீஸ் இருக்கவேண்டிய இடத்திலிருந்து துருத் தண்ணீர் ஒழுகியது.

"ஃபிளாஸ்க்ல காப்பி தீந்துடுச்சா டுவெய்ன்? இதோ பிடிச்சுக்க," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

ஹார்லனின் காது மடல் சிவந்தது. டிரெய்லரின் முன்பக்கம் போய், பிக்கப்பிலிருந்து அதைக் கழற்றினார்.

"அதைக் கழட்டாதே ஹார்லன்!" என்றாள் மார்லிஸ்.

"கொக்கியைக் காட்ட வேண்டாமா?" என்று சீறினார். படகைப் பிடித்திருந்த பட்டையை இரண்டு கையாலும் பற்றினார். "மத்தது எது போனாலும் பரவாயில்லை. இந்தப் பட்டை இருக்கற வரைக்கும் படகு அசையாது!"

பலங்கொண்ட மட்டும் இழுத்துக் காட்டினார்.

பட்டை அறுந்தது. படகு கொஞ்சம் யோசித்துவிட்டு, வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. மோட்டாரின் கனத்தில் டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்க்க எழும்பியது. படகின் பின்புறம் சரளையில் உட்கார்ந்தது. ஆர்டித் அம்மாள் செய்து கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்கு சாலட் மேஜைக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

ஹார்லன் கையில் அரை முழம் பட்டை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். இனி எந்த முகத்தோடு படகுத் துறையில் போய் நிற்பது?

சங்கத் தலைவி ஆர்டித் எழுந்தாள்.

"இருபது வருஷமா இந்த மாதிரி விளக்கமெல்லாம் பார்க்கறேன். எல்லாரும் பளபளன்னு ஒரு வண்டியக் கொண்டாந்து நிறுத்துவாங்க, நாம தூங்குவோம். ஒரே வண்டியில இத்தனை பழுதையும் பாத்துப் பாத்துச் செஞ்சு வச்சு, ஒவ்வொண்ணா நடத்திக் காட்டினாரே, இவரு மனுஷன்!"

கைதட்டல் எழுந்தது. ஹார்லனுக்கு விஷயம் புரிய மூன்று விநாடி பிடித்தது. பிக்கப் ஜன்னலில் மார்லிஸ், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"ஒரு வாரத்து வேலை," என்றார் மீசையைத் தடவிக்கொண்டு.

"வேணும்னேவா செஞ்சே?" டுவெய்ன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எலி கூடவா?"

"எலிதான் ரொம்பப் படுத்திடுச்சு. மூணு எலியப் பார்த்துட்டு இதைப் பிடிச்சேன்."

டுவெய்ன் தொப்பியைக் கழற்றினார். பதினோரு வருஷத்தில் அவர் ஹார்லனுக்குக் காட்டிய முதல் மரியாதை அது. ஹார்லனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நீலத் தொப்பிப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருகில் வந்தாள். "அப்ப வீட்லேருந்து கிளம்பறப்பவே எல்லாம் இப்படித்தான் இருந்துதா? விளக்கு, டயர், பட்டை?"

"அத்தனையும்!" என்றார் ஹார்லன், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "என் வண்டியில எனக்குத் தெரியாத பழுது ஒண்ணு கூடக் கிடையாதும்மா."

அவள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள்.

"போன வாரம்தான் இந்த ஊர் போலீஸ்ல சேர்ந்தேன் சார். தெரியாம ஓட்டிக்கிட்டு வந்திருந்தீங்கன்னா, எச்சரிச்சு விட்டிருப்பேன்."