சாரே, பஸ் மறிச்சு!

எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு, தங்களுக்கு இரண்டு பாஷை தெரியும் என்று. உண்மையில் ஒன்றரைதான் தெரியும். தெரியாத அந்த அரையில்தான் ஒருநாள் கால் இடறும். நான் இடறி விழுந்தபோது, பதினெட்டு வயோதிகர்களையும் ஒரு பஸ்ஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தேன்.

வடகரப்பதிக்குப் பக்கத்தில் கடலை போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உள்ளேயிருந்து பார்த்த முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸானதும் என் நடையே மாறிவிட்டது என்பாள் அம்மா. (மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போதும் ரவிக்கையில் பேனா குத்தியிருப்பேன். மாடு கையெழுத்துக் கேட்டால்?)

அந்தக் கர்வத்தோடுதான் எங்கள் ஊர்ப் பக்கமிருந்த விருத்த சதனத்துக்கு வேலை கேட்டுப் போனேன். முதியோர் இல்லத்துக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். நாங்கள் 'சதனம்' என்று சுருக்கிவிட்டோம். அதன் செக்ரட்டரி மேனன் சார். வெள்ளை ஜிப்பா, வெள்ளை மீசை, இளகிய இதயம். (இதயம் என்று நான் சொல்வது அவருடைய டாக்டர் சொல்கிற அர்த்தத்திலும்தான்.)

"மலையாளம் அறியாமோ?" என்று கேட்டார்.

"நன்னாயிட்டு அறியும் சாரே" என்றேன்.

என் மலையாளம் மிக எளிமையானது. தமிழ் வார்த்தையை எடுத்து, மூக்கில் ஒரு சுற்றுச் சுற்றி, வாலில் ஒரு 'ஆணு' ஒட்டிவிட்டால் மலையாளம். பஸ் கண்டக்டர்களிடமும் காய்கறிக் கடையிலும் அது பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வார்டன் வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒன்று உறுத்தியது. அங்கே இருந்தவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு உண்டு, கட்டில் உண்டு, மாதமொரு டாக்டர் உண்டு. கேட்டுக்கு வெளியே போவது மட்டும் கிடையாது. நாளெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்து, இது பொள்ளாச்சி வண்டியா சித்தூர் வண்டியா என்று பந்தயம் கட்டுவார்கள். அதுதான் அவர்களுடைய ஒரே பொழுதுபோக்கு.

பந்தயத்தில் எப்போதும் ஜெயிப்பவர் மாரப்பக் கவுண்டர். நாலு மைலில் சொந்த ஊர், இரண்டு மகன்கள், தென்னந்தோப்பு எல்லாம் இருந்தும் இங்கே வந்து சேர்ந்தவர். எப்போதும் தோற்பவர் அம்புஜம் மாமி. கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். ஒரே பிள்ளை பாலக்காட்டிலேயே பாங்கில் இருந்தான்.

"ஏனுங் அம்மிணி, எங்களையும் ஒரு நாளைக்கு அந்த பஸ்ஸுல ஏத்தி உட்டீங்கன்னா என்னங்க? நாங்க என்ன ஓடியா போயிருவோம்? ஓட முடிஞ்சா இங்கெதுக்கு இருக்கறோம்?" என்றார் கவுண்டர் ஒருநாள்.

அன்றே மேனன் சாரிடம் போய் நின்றேன். மலம்புழை அணைக்கட்டுக்கு ஒரு நாள் உல்லாசப் பயணம் வேண்டும் என்றேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் விடவில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். கடைசியில் விரலை நீட்டி, தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்.

"ஒற்றத் தவண. ஒரே ஒரு தடவை. நல்லபடியா போயிட்டு வந்தா மாசாமாசம் போகலாம். எந்தெங்கிலும் சம்பவிச்சால், பின்னெ கேட்டு தொறக்கில்லா. மனசிலாயோ?" (ஏதாவது நடந்தால் அப்புறம் கேட்டைத் திறக்க மாட்டேன், புரிந்ததா என்கிறார்.)

மனசிலாயிற்று. பதினெட்டு பேருடைய வெளியுலகமும் என் சாமர்த்தியத்தில் தொங்கியது. அப்போது எனக்குச் சாமர்த்தியத்துக்கா பஞ்சம்?

ஒரு சனிக்கிழமை வாடகை பஸ் பிடித்துக் கிளம்பினோம். மாமி பட்டுப்புடவையில் வந்தார். கவுண்டர் பஸ்ஸில் ஏறியதுமே, போர்டில் எழுதியிருந்தது தப்பு, இது சித்தூர் வண்டியேயில்லை என்று டிரைவரோடு சண்டை பிடித்தார்.

மலம்புழையில் எல்லாம் சுகமாக நடந்தது. தோட்டத்தில் அந்தப் பெரிய யட்சி சிலை முன்னால் மட்டும் மாமி கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். "ஈஸ்வரா! இத்தனை பெரிய தோட்டம் போட்டவாளுக்கு இவளுக்கு ஒரு புடவை வாங்கிக் குடுக்க வழியில்லையாக்கும்?" என்றார். பிறகு எனக்குத் தெரியாமல் இன்னொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கவுண்டர் சிலையைப் பார்க்கவில்லை. அணையில் நின்ற தண்ணீரையே பார்த்தார். "இத்தனை தண்ணிய இங்க கட்டி வெச்சுக்கிட்டுத்தான் நம்மூரு வாய்க்காலுக்கு இல்லீங்கறானுகளா?" அந்தத் தண்ணீர் வேறு, எங்கள் வாய்க்கால் வேறு என்று சொன்னேன். "படிச்சவீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்று வாயை அடைத்துவிட்டார்.

திரும்பும் வழியில், சித்தூர் தாண்டி, பஸ் நின்றது. நடு ரோட்டில் கூட்டம். வாய்க்காலில் தண்ணீர் விடச் சொல்லி விவசாயிகள் மறியல். எந்த வண்டியையும் விட மாட்டோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். நான் டிரைவரிடம் வேறு வழி உண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்படி வழியாக யாரோ இறங்குகிற சத்தம்.

"கவுண்டரே! எங்க போறீங்க?"

"தண்ணிக்கு, அம்மிணி!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் சம்மணம் போட்டுவிட்டார். அவர் போனால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கடைசியில் மாமி, பட்டுப்புடவைக்கடியில் துண்டு விரித்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மாமி, உங்களுக்கு எங்க இருக்கு வயல்?" என்றேன். "போடீ குட்டி, வெறுமனே ஒக்காரறதுக்கு வயல் வேணுமாக்கும்? அங்கே வராந்தாவிலே ஒக்காந்தா ஆரும் திரும்பிப் பாக்கலை. இங்கே போலீஸே வந்து பாக்கறது."

எல்லாரும் கோஷம் போட ஆரம்பித்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது என்று புரிந்தது. மேனன் சார் பயந்துவிடுவாரே என்று, பொறுப்பான வார்டனாக, ரோட்டோரத்து அரிசி மில்லில் போன் கேட்டு அவர் வீட்டுக்குப் பேசினேன்.

லைனில் ஒரே இரைச்சல். நான் என் பங்குக்குக் கத்தினேன்.

"சாரே, நம்முடெ பஸ் மறிச்சு! எல்லாரும் ரோட்டில் கெடக்குன்னு!" (பஸ்ஸை மறித்துவிட்டார்கள், எல்லாரும் ரோட்டில் கிடக்கிறார்கள் என்று சொல்கிறேனாம்.)

அந்தப் பக்கம் மூச்சு நின்ற மாதிரி இருந்தது. பிறகு, "எத்ர பேரு மரிச்சு?" என்றார்.

எத்தனை பேர் மறித்தார்கள் என்று கேட்கிறார், நல்ல கேள்விதான். "எண்ணியில்லா சாரே! கொறே பேரு உண்டு. இனியும் வந்நோண்டு இரிக்குன்னு!" (எண்ணவில்லை, நிறையப் பேர், இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.)

"ஐயோ... நம்முடெ கவுண்டரோ?"

"கவுண்டராணு ஆத்யம் போயது சாரே!" (முதலில் போனவரே அவர்தான்.)

"மாமி?"

"மாமி அவரிண்டெ தொட்டடுத்து உண்டு! போலீஸ் வெறுதே நோக்கி நிக்குன்னு. ஒந்நும் செய்யான் பற்றில்லா!" (பக்கத்திலேயே இருக்கிறார். போலீஸ் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒன்றும் செய்ய முடியாது.)

டமாரென்று ஒரு சத்தம். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். போனது மேனன் சார். ரிசீவரோடு நாற்காலியிலிருந்து சரிந்திருக்கிறார். நானோ, ஒரு தமிழ் வார்த்தை கலக்காமல் இத்தனை நீளமாகப் பேசிவிட்டோமே என்று பூரித்துப்போய், மில்காரர் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தேன்.

மலையாளம் தெரியாதவர்களுக்காக என் சாதனையை விளக்க வேண்டும். தடுத்து நிறுத்துவதற்கு அங்கே 'தடஞ்ஞு' என்பார்கள். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. 'மறிச்சு' என்று பெரிய 'ற' போட்டால் அங்கே கவிழ்த்தது என்று அர்த்தம். சின்ன 'ர' போட்டு 'மரிச்சு' என்றால் செத்துப்போனார் என்று அர்த்தம். எங்கள் பக்கத்து நாக்குக்கு இரண்டு எழுத்தும் ஒன்றுதான். எதைப் போட்டிருந்தாலும் எனக்குக் கதி மோட்சமில்லை.

மேனன் சார் எப்படியோ எழுந்து காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். ஆனால் மறியலுக்கு அந்தப் பக்கம் அரை மைலுக்கு வண்டிகள் நின்றன. தூரத்தில் கூட்டம், போலீஸ், கூச்சல். நின்றிருந்த லாரிக்காரரிடம் நடுங்கிக்கொண்டே என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் உடுமலைப்பேட்டைக்காரர். "அதை ஏனுங்க கேக்கறீங்க, கெழடு கட்டையெல்லாம் மறிச்சுப் போட்டாங்க" என்றாராம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சார் திரும்பிப் போய், எல்லாருடைய சொந்தக்காரர்களுக்கும் ஆள் அனுப்பிவிட்டார்.

தாசில்தார் வந்து, தண்ணீர் விடுவதாக வாக்குக் கொடுத்து, கூட்டம் கலைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பஸ் கோஷம் போட்டுக்கொண்டே சதனத்துக்குள் நுழைந்தது. உள்ளே திருவிழா போல ஜனம். டாக்ஸி, ஜீப், மாட்டு வண்டி. ஓரத்தில் பச்சை மூங்கிலும் தென்னை ஓலையும் கிடந்தன. வாடகைக்கு எடுத்த பெஞ்சுகளில் துண்டு போட்ட தலைகள்.

கவுண்டர்தான் முதலில் இறங்கினார். நேரே எதிரில் அவருடைய இரண்டு மகன்களும் தலையில் கை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"என்னங்கடா, ஆரு செத்துப் போனது?"

பெரிய மகன் நிமிர்ந்து பார்த்தார். வாய் திறந்தது திறந்தபடி, "நீங்கதானுங்கப்பா" என்றார்.

"நானா? எனக்கு ஆரும் சொல்லவேயில்லையே!"

அதற்குள் மாமி தன் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டார். வேஷ்டியும் சட்டையுமாக டாக்ஸியில் சாய்ந்து நின்றவன் அம்மாவைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். மாமி அவன் தலையைத் தடவினார்.

"ஏண்டா அம்பி, ரெண்டு வருஷமா லீவு கிடைக்கலைன்னு காயிதம் போட்டுண்டிருந்தியே. இன்னிக்கு எங்ஙனேடா கிடைச்சது?"

அவன் எழுந்திருக்கவில்லை. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவுமில்லை. எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வருவதில்லை.

மேனன் சார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. எல்லாரையும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ருக்மணி, நீ போனில் எந்தா பறஞ்ஞது?" (என்ன சொன்னாய்?)

மறுபடி சொன்னேன். அப்போதுதான், அவர் காதில் அது 'செத்துப்போனார்கள்' என்று விழுந்திருப்பது எனக்கே விளங்கியது. பூமி பிளந்திருந்தால் பேனாவோடு உள்ளே போயிருப்பேன்.

"மதி!" என்று கத்தினார். "போதும்! இனி ஒரு யாத்ரயும் இல்லா. கேட்டு தொறக்கில்லா!" சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் காரை நோக்கி நடந்தார்.

என் வேலை போவது கிடக்கட்டும், இவர்கள் மறுபடி அந்த வராந்தாவில் போய் பஸ் எண்ண வேண்டுமே. என் ஒரு வார்த்தையால்.

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏனுங் மாமி, வர்றீங்களா?" என்றார். நிதானமாக நடந்து போய், திறந்திருந்த கேட்டுக்கு நடுவில், காருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாமி பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மிச்சம் பதினாறு பேரும். அன்று மத்தியானம்தான் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள், வரிசை அத்தனை அழகாக இருந்தது.

"எந்தாணு இது?" என்றார் மேனன் சார்.

"மறிச்சுட்டோமுங்க" என்றார் கவுண்டர்.

சின்ன மகன் ஓடி வந்தார். "அப்பா, எந்திரிங்க, நாங்க ஊட்டுக்குப் போகோணும்."

"எழவுக்கு வந்தவன் உடனே கெளம்பற வழக்கம் நம்ம சாதி சனத்துல உண்டாடா? உக்காரு. மாசத்துக்கு ஒருக்கா எங்களை வெளிய கூட்டீட்டுப் போறோம்னு செக்ரட்டரியய்யா சொல்லோணும். நீங்களும் மாசத்துக்கு ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டறோம்னு சொல்லோணும். இல்லீன்னா ஒரு வண்டி நவுராது."

மேனன் சார் தழுதழுத்தார். "நான் நிங்ஙளுக்கு வேண்டி ரெண்டு மணிக்கூர் கரஞ்ஞு, கவுண்டரே." (இரண்டு மணி நேரம் அழுதாராம்.)

"அழுத கண்ணீரை வீணாக்கப்படாது, கேட்டேளா?" என்றார் மாமி. "மாசம் ஒரு பஸ்."

சார் கார் பானெட்டில் சாய்ந்து நின்றார். தோள்கள் குலுங்கின. மறுபடி அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்ததும் எழவுக்கு வந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. சமையற்காரர், வந்தவர்களுக்கு என்று போட்டிருந்த உலையில் வெல்லம் போட்டுப் பாயசமாக்கிவிட்டார்.

மறுமாதம் பஸ் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. இந்த நாலைந்து வருஷத்தில் ஒரு மாதம்கூட நின்றதில்லை. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வாக்கைக் காப்பாற்றுகிறார்கள், பாதி என்பதே பெரிய விஷயம். மேனன் சார் போட்டது ஒரே நிபந்தனைதான். "ருக்மணி இனி போனில் தமிழே சம்சாரிக்காவூ." (தமிழில் மட்டும்தான் பேச வேண்டுமாம்.) அவர் தமிழ் கற்றுக்கொண்டு தேறிவிட்டார்.

எங்கள் வீட்டில் இந்தக் கதையின் உரிமை அப்பாவுக்குப் போய்விட்டது. சந்தையில், கல்யாணத்தில், பஸ் ஸ்டாப்பில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். ஆனால் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. கதையின் உயிரே அந்த இரண்டு எழுத்தில் இருக்கிறது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைக்கிற மனிதர் அதை எப்படி விளக்குவார்? ஒருநாள் என்னைக் கூப்பிட்டு இரண்டையும் எழுதிக் காட்டச் சொன்னார். நாலைந்து நாள் ஆட்டுக்குக் காவல் இருக்கும்போதெல்லாம் குச்சியால் மண்ணில் கிறுக்கிக்கொண்டிருந்தார்.

போன மாதம் எங்கள் வாசலில் வந்து நின்ற வளையல்காரரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். குறிப்பிட்ட இடம் வந்ததும், குனிந்து, மண்ணில் முதலில் 'ர' போட்டார், பக்கத்தில் 'ற' போட்டார். கோணலில்லாமல், அழுத்தமாக. "இது செத்துப் போனது, இது கவுந்து போனது" என்றார். வளையல்காரர் சிரித்துவிட்டுப் போன பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. தான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வந்திருச்சு" என்றார். "பாக்கி எத்தனை இருக்குது அம்மிணி?"

"கொஞ்சந்தானுங்கப்பா" என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தேன்.